சாதாரண தரத்துக்குப் பிறகு மகனை வெட்டு மெசினுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு 'சி' எடுத்திருக்கும் மகனை, கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ்க் காலபோக (மாரிகால நெல்) வெட்டுத் தொடங்கும்போது மாமாவின் நெல் வெட்டும் மெசினில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கணவரின் முதுகு நோவும் நகை அடகில் கிடப்பதும் தெரிந்திருக்க, பணம் பெரிதல்ல என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டு வேலை ஒரு போகத்தில் சில வாரங்களே கிடைக்கும் என்பதையும், குளத்தில் நீர் வற்றிச் சிறுபோகம் (கோடைகாலப் பயிர்) சுருங்கும் ஆண்டில் உங்கள் வயலும் அவனுடைய கூலியும் ஒன்றாகவே படுத்துவிடும் என்பதையும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

கமக்காரக் குடும்பத்துக்குப் படிப்புக் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். மழையை நம்பியிராத ஒரு மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தால், கடன்காரருக்குப் பயந்து நெல்லைக் களத்திலேயே வந்த விலைக்குக் கொடுக்காமல், காயவைத்து, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். வயலுக்குள்ளும் படிப்புக்கு வேலை உண்டு. கனகராயன்குளத்தில் ஒரு தகப்பன், கடையில் சொன்னபடி, பயிருக்குத் தெளிக்கும் தாங்கிக்கு இரண்டு மூடி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். தரம் 10 படிக்கும் மகள் போத்தலில் எழுதியிருந்ததை வாசித்து, ஒரு மூடி போதும் என்றாள். அந்தப் போகத்தில் அவருக்கு மருந்துச் செலவு பாதியானது.

எனினும் எல்லாப் படிப்பும் ஒரே பலனைத் தராது. பட்டம் முடித்து அரச நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளைக் காணும்போது எனக்கு மனம் வலிக்கிறது. நீர்ப்பம்பியைத் தானே கழற்றிப் பூட்டும் உங்கள் மகனுக்கு உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவே பொருந்தும். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சியும் அந்த மாவட்டங்களில் ஒன்று. உயர்தரம் சரிவராவிட்டால், அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுடன் தொழில் பழகலாம். மெசின் ஓட்டுபவருக்கு வெட்டுக் காலத்தில் மட்டுமே கூலி. அதைத் திருத்தத் தெரிந்தவரை மற்ற மாதங்களிலும் உழவு இயந்திரக்காரர்கள் தேடி வருவார்கள்.

பாடசாலை விடுமுறையில் அவன் மாமாவோடு போகட்டும், அதில் தவறில்லை. வரும் புதன்கிழமை பெறுபேற்றுப் பத்திரத்தோடு அவனையும் கூட்டிவாருங்கள். முடிந்தால் கணவரும் வரட்டும், ஏனெனில் அவன் உழைக்காத அந்த இரண்டு ஆண்டுகளை வீடு எப்படித் தாங்கும் என்பதை நாம் நால்வரும் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.