எப்பிங் காடு, இலையுதிர்காலம் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் லண்டனில் இல்ஃபோர்டில் இருக்கிறேன். உங்கள் சைக்கிள் பயணக் குறிப்புகளை நானும் கணவரும் சேர்ந்துதான் வாசிப்போம். ஒவ்வொரு ஒக்டோபரும் இரண்டு பேருமாக எப்பிங் காட்டுக்கு சைக்கிளில் போவோம். இந்த ஏப்ரலில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். வயது 54. இலை பழுத்து உதிர்வதுபோலத்தான் மனிதரும், இது இயற்கையின் நியதி என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அவருடைய சைக்கிள் ஷெட்டில் நிற்கிறது. விற்றுவிடுங்கள் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்? காட்டுக்குள் ஒரு பெண் தனியாகப் போகலாமா? பாதை காட்ட நல்ல ஆப் எது? எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா?

வா.

*

அன்புள்ள வா.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆப் எதுவும் நான் பாவிப்பதில்லை. எப்பிங்கில் வழி தவறினாலும் கொஞ்ச நேரத்தில் ஏதாவதொரு தார் ரோட்டில் ஏறிவிடலாம். எலெக்ட்ரிக் சைக்கிள் உங்கள் முழங்காலைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியது. தனியாகப் போகலாம், நான் போகிறேன். ஆம்ப்ரஸ்பரி பாங்க்ஸ், லவுட்டன் காம்ப் என்ற இரண்டு பழைய மண்கோட்டைகளுக்குள் மட்டும் சைக்கிளை விடாதீர்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிற மண்ணை ரயர் அரித்துவிடும்.

சரி, அந்த இலை விஷயம். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 54 வயதில், அடுத்த ஒக்டோபரில் எந்தப் பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஒரு மனிதரை, பழுத்த இலை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இலை உதிர்வதில் மரம் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பகல் குறையத் தொடங்கியதும் இலையிலிருக்கிற பச்சையத்தை மரம் உடைக்கிறது. இலையிலிருக்கிற நைட்ரஜனில் பெரும்பங்கைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் முதலே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. காம்பின் அடியில் தக்கைபோல ஒரு படலத்தை மரமே வளர்த்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் காற்றுக்கு வேலை. அடுத்த தடவை போகும்போது ஹை பீச் பக்கம் சைக்கிளைச் சாத்திவிட்டு, தாழ்ந்து நிற்கிற பீச் மரக் கிளையொன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு ஒட்டியிருக்கிற மூலையில் ஒரு மொட்டு இருக்கும். செம்பு நிறம், ஊசி முனை, அரை விரல்கூட நீளமிராது. செதில் செதிலாகச் சுற்றிய அதற்குள் வருகிற வசந்தத்தின் இலைகள் மடிந்து கிடக்கின்றன. கோடையிலேயே கட்டி வைத்த மொட்டு அது. வரப்போவதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மரம் பழையதை விடுகிறது. உங்களுக்கு ஏப்ரலில் அப்படி எதுவும் கையில் இருந்ததா?

மரத்தை வைத்துத்தான் பேசவேண்டும் என்றால் ஆஷ் மரத்தைப் பேசுவோம். உங்கள் கடிதம் வந்த கிழமை நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெய்டன் போய்ஸ் தாண்டிப் போகிற ஒழுங்கையொன்றில் வரிசையாக நின்ற ஆஷ் மரங்களை ரோட்டில் விழுந்துவிடும் என்று வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சணம் அவற்றைக் கொல்கிறது. 1992இல் போலந்தில் மரங்கள் சாகத் தொடங்கின. 2012இல் இங்கே கண்டுபிடித்தார்கள். அந்த ஒக்டோபர் கடைசியில் ஆஷ் கன்றுகளை இறக்குமதி செய்யத் தடை வந்தது, அதற்குள் நோய் காட்டுக்குள் போய்விட்டது. இந்த நாட்டு ஆஷ் மரங்களில் ஐந்தில் நான்கு போய்விடக்கூடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். விழுந்த இலையின் நரம்புக் காம்பில்தான் பூஞ்சணம் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கோடையில் அந்தக் கறுத்த காம்பின்மேல் குண்டூசித் தலையளவில் வெள்ளைக் காளான்கள் முளைத்து, வித்தைக் காற்றில் விடும். நல்ல வயதில் நிற்கிற மரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். இதை யாராவது இயற்கையின் நியதி என்று சொல்லட்டும் பார்ப்போம். கப்பலேற்றிக் கன்றுகளைக் கொண்டுவந்தது யார்?

இந்த நியதிப் பேச்சு எனக்கு ஏன் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். 1995 ஒக்டோபர் 30, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு. நாவற்குழிப் பாலத்துப் பக்கம் மழையில் சனம் அடியடியாக நகர்ந்தது. அப்பா சைக்கிளை உருட்டினார். ஹாண்டிலில் அரிசிப் பையும் சட்டியும். கரியரில் அம்மம்மா. பின்னால் அவரைத் தாங்கிப் பிடித்தபடி நான். சீற்றுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் விரல் அதற்குள் நசுங்கும், ஆனாலும் விடமாட்டார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. அவருடைய பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் செத்துப்போனார். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “பழுத்த ஓலை, விழத்தானே வேணும்.” நல்ல மனதோடுதான் சொன்னார்கள், தெரியும். ஆனால் அம்மம்மா பழுத்து விழவில்லை. குளிசை இருந்திருந்தால், சொந்தக் கட்டிலில் படுத்திருந்தால், இன்னும் கனகாலம் முருங்கைக்காய் ஆய்ந்துகொண்டிருந்திருப்பார். அந்த ஒரு வசனத்தால் அவருக்கு நடந்த அநியாயம் சாவு வீட்டிலேயே மறைந்துபோனது. எங்களுக்கும் அழ வாய் வரவில்லை. நியதிக்கு எதிராக யார் அழுவது?

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் அழுங்கள். அவர் போயிருக்கக்கூடாது என்று சத்தமாகச் சொல்லுங்கள். காட்டில் வைத்தே சொல்லுங்கள், அங்கே ஒருவரும் உங்களைத் திருத்த வரமாட்டார்கள்.

சைக்கிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? இந்தக் குளிர்காலத்தில் விற்கவேண்டாம். ஏப்ரலிலிருந்து நிற்கிறது என்றால் காற்று இறங்கியிருக்கும். இன்றைக்கே அடித்து வையுங்கள், வெறும் ரயரில் பாரம் நின்றால் ஓரம் வெடித்துவிடும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மகனுக்கு உயரம் பொருந்தினால் சீற்றைச் சரிசெய்து அவனை ஏற்றி அனுப்புங்கள். அவனுக்கும் அப்பாதானே போனது.

நவம்பர் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு சிங்ஃபோர்ட் ஸ்டேசன் வாசலில் நிற்பேன். பீச் இலைகள் அப்போது நல்ல நிறத்தில் இருக்கும். மழை பெய்தாலும் வருவேன். கீழ்ப்பக்கம் முழுக்கக் களிமண், ஹார்ன்பீம் மரங்களின் வேர் வேறு வழுக்கும். அதனால் அகல ரயர் போட்ட சைக்கிளாக எடுத்து வாருங்கள். தேநீர் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அக்கா