வைகாசியில் கல்யாணம், தீவுக்கு எப்போது போகலாம்?

களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜூன் 2வது வாரம் எனக்குக் கல்யாணம். பெண் பாறசாலை. எனக்கு ஏழு நாள் லீவு, கையில் ஒன்றரை லட்சம் ரூபாய். மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான் மூன்றில் எங்கே போகலாம்? அவளுக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் வாந்தி வரும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே கிளம்பலாமா?"

மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகப் புதுமணத் தம்பதிகளை அனுப்பி வைக்கிறேன். எந்தத் தீவு என்று எல்லோரும் கேட்பார்கள், எந்த மாசம் என்று கேட்பவர் அபூர்வம். உங்கள் விஷயத்தில் மாசம்தான் முதல் பிரச்சினை, தம்பி.

ஆனி, ஆடியில் தேங்காப்பட்டணம் பக்கம் போய் நின்று பாருங்கள். கல்லடுக்கின் மேல் அலை ஏறி அடித்து, ரோடு வரைக்கும் உப்புத் துளி தெறிக்கும். அந்தத் தென்மேற்குக் காற்றுதான் லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் வீசுகிறது, கடலும் அதே கடல்தான். மாலத்தீவில் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை, நல்ல வெயிலும் அடிக்கும். ஆனால் காற்று எழும்பி, கடல் கலங்கி, படகு குதிக்கும். ஜூனில் ரிசார்ட்காரர்கள் விலையைக் குறைத்து விளம்பரம் போடுவது அதனால்தான். லட்சத்தீவுக்கு அந்த நேரம் கப்பல் சுற்றுலாவே நிறுத்திவிடுவார்கள். அந்தமானுக்கும் தென்மேற்குப் பருவம் உண்டு. ஆக, நீங்கள் கேட்ட மூன்றுமே ஜூனில் வேண்டாம். படகில் வாந்தி வரும் பெண்ணை அந்த அலையில் ஏற்றினால் அவளுக்குப் பிறகு கடல் என்றாலே பயம்தான் மிஞ்சும்.

அப்படியானால் எப்போது? தையில் போங்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மாலத்தீவில் கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். தேனிலவு கல்யாணம் முடிந்த வாரத்திலேயே இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் இருந்தால், ஜூலை பாதியிலிருந்து எப்படியும் ஒரு மாசம் போய்விடும். ஜூனில் மறுவீடு, உறவுக்காரர் விருந்து எல்லாம் முடித்துவிட்டு, இரண்டு நாள் பொன்முடிக்கோ மூணாறுக்கோ போய் வாருங்கள். மலைக்கு மழை அழகு. மீதி லீவைத் தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளே கிளம்பிய ஜோடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் தூங்கியே கழித்துவிட்டு, ரூமுக்குக் கொடுத்த காசை நினைத்து வருத்தப்படுவார்கள்.

வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஜூனில்தான் போயாக வேண்டும், தீவும் வேண்டும் என்றால் பாலியைப் பாருங்கள். அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் போய் மாறிப் போகலாம். ஏழு நாளில் போக வர இரண்டு நாள் கழிந்துவிடும், ஒன்றரை லட்சத்துக்குள் முடிப்பதும் இழுபறிதான்.

சரி, தைக்கு வருவோம். மூன்றில் உங்களுக்கு நான் சொல்வது மாலத்தீவு. உங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகவே ரயிலில் ஒரு ராத்திரி ஆகிறது. திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேவுக்கு நேர் விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம், இறங்கியதும் இலவசமாகக் கொடுப்பார்கள். திரும்பும் டிக்கெட்டும் ரூம் பதிவும் கையில் இருக்கட்டும். 'இமுகா' என்ற பயணப் படிவத்தை, போய் இறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம்தான். அதற்கும் காசு கேட்டு போலித் தளங்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை.

டிக்கெட்டில் பெண்ணின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதே என்று உங்கள் பெயரைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் எப்படிப் பதிவது என்று விமானக் கம்பெனியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி காசு. இதில்தான் ஏமாறுகிறார்கள். ரிசார்ட் ரூம் விலை 1,000 டாலர் என்று காட்டினால் அதோடு முடியாது. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், மொத்தத்துக்கு மேல் 17 சதவீத சுற்றுலா வரி, 1,287 டாலர் ஆகிவிடும். பசுமை வரி என்று ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ஊர்மக்கள் வாழும் உள்ளூர்த் தீவுகளின் சின்ன விருந்தினர் விடுதிகளில் 6 டாலர். இருவருக்கு நாலு ராத்திரி ரிசார்ட் என்றால் இது மட்டுமே 96 டாலர். மாலேவிலிருந்து தீவுக்குப் படகுக் கட்டணம் தனி. பேரம் பேசும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "வரி, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கடைசி விலை என்ன?" பதில் எழுத்தில் வரட்டும்.

கடல் விமானம் ஆசையைத் தூண்டும், ஆனால் இருட்டிய பிறகு பறக்காது. உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் மாலேவில் ஒரு ராத்திரி தங்க வேண்டியதுதான். அது இல்லாமல், விமான நிலையத்திலிருந்து வேகப்படகில் அரை மணி, முக்கால் மணியில் போகும் தீவாகப் பாருங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு என் யோசனை இது: மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவில் விருந்தினர் விடுதியில் இரண்டு ராத்திரி, பக்கத்து ரிசார்ட்டில் இரண்டு ராத்திரி. உள்ளூர்த் தீவில் மது கிடையாது. தெருவில் தோளும் முட்டியும் மூடிய உடுப்பு, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை உண்டு. ரிசார்ட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தண்ணீர் மேல் கட்டிய வில்லாவுக்கு ஆசைப்படுவீர்கள். படத்துக்கு அழகுதான். நீச்சல் தெரியாத பெண்ணுக்கு நான் கடற்கரை ரூமைத்தான் சொல்வேன். கதவைத் திறந்தால் மணல், பத்தடி நடந்தால் முட்டளவு தண்ணீர். பவளத்திட்டு அணைபோல் அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே குளம் மாதிரி கிடக்கும். அந்த ஆழமில்லாத தண்ணீரில் உயிர்காப்பு உடுப்பு போட்டு, முகக் கண்ணாடியோடு குனிந்தாலே மீன் தெரியும். நின்றால் கால் தரையில் படுகிறது என்ற தைரியம் வந்துவிட்டால் அவளே உங்களை இழுத்துக்கொண்டு போவாள். பதிவு செய்யும்போது "ரூமுக்கு முன்னால் ஆழமில்லாத தண்ணீர் இருக்கிறதா" என்று கேட்டு வாங்குங்கள். வேகப்படகில் பின் இருக்கை, கண் தொடுவானத்தில், வயிறு நிறையச் சாப்பிடாமல். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டிய பிறகு போட்டுப் பலனில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரையைத் தானே வாங்கிப் போடும் பெண்கள் அதிகம். டாக்டரைப் பார்க்காமல் வேண்டாம். பயணத் தேதியை அவளிடம் கேட்டு முடிவு செய்தால் மாத்திரைக்கே வேலை இல்லை.

லட்சத்தீவு தண்ணீர் மாலத்தீவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. பெரும்பாலான தீவுகளில் மலையாளம்தான், எல்லைக்கார உங்களுக்குப் பேச்சில் சிரமமே இருக்காது. ஆனால் இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும், போலீஸ் நற்சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பல் என்றால் ஒரு ராத்திரிக்குக் குறையாமல் கடலில். வாந்திக்காரருக்கு ஆகாது. அங்குள்ள அகத்தித் தீவுக்குக் கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம் உண்டு, இருக்கைகள் குறைவு. பாஸ்போர்ட் எடுக்கத் தாமதமானால் இதை மாற்றாக வையுங்கள். அந்தமான் செலவு குறைவு, போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் பேசினாலே காரியம் நடக்கும், ஆனால் சென்னை மாதிரி வேறு ஊர் போய் மாற வேண்டும், ஸ்வராஜ் தீவுக்கு (பழைய ஹேவ்லாக்) மறுபடி படகு.

பெட்டி கட்டும்போது அம்மாக்களைக் கவனியுங்கள். வழித்துணைக்கு என்று துணிக்கு நடுவில் சின்னப் பிள்ளையாரை வைத்துவிடுவார்கள். வழிபாட்டுச் சிலை, மது, பன்றி இறைச்சி, வேப் எனும் மின்சிகரெட் எதுவும் மாலத்தீவுக்குள் கொண்டுபோகக் கூடாது. சாமியை வீட்டிலேயே கும்பிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் எடுக்காதீர்கள், அதுவும் குற்றம்.

நகையைப் பாதிக்கு மேல் வீட்டில் வையுங்கள். விலை உயர்ந்த நகை போட்டுப் போனால், புறப்படும்போதே திருவனந்தபுரம் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள், திரும்பி வரும்போது கேள்வி இருக்காது. புதுத்தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தால் உப்புத்தண்ணீரில் ஊறி நைந்துவிடும். தையில் போவதால் அதற்குள் செயினில் கோத்திருப்பீர்கள், கொக்கியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மோதிரம்தான் முக்கியம். தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றால் உடம்பு குளிர்ந்து விரல் சுருங்கும், மோதிரம் வழுக்குவது தெரியவே தெரியாது. இரண்டு பேருமே கழற்றி ரூம் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குங்கள்.