மாமாவுக்குப் போட்ட கும்பிடு

கேள்வி: பல்லடம் பக்கம் 24 தறி வைத்திருக்கிறேன். ஓட்டுவது பீகார் பையன்கள். வீட்டில் அப்பாவுக்கு ஒரு சேனல், தம்பிக்கு யூட்யூப், தினமும் சண்டை. நடுநிலையான சேனல், பேப்பர் எது? 60 பேர் இருக்கும் சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே தொல்லை. போன வாரம் மாமா, 'பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல், உஷார்' என்று ஒரு வீடியோ போட்டார். வீடியோவில் தெரிந்த கடைப் பலகை எதிலும் தமிழே இல்லை. பெரியவர் மனசு கோணக்கூடாதென்று பதிலுக்குக் கும்பிடு எமோஜி போட்டுவிட்டேன்.

பதில்: சேனல் கதை அப்புறம், தம்பி. பலகையில் தமிழ் இல்லை என்று பார்த்த பிறகும் கும்பிடு போட்டீர்களே, அது எந்த ஊர் மரியாதை? 60 பேரும் 'தறிக்காரரே ஒத்துக்கிட்டார்' என்றுதான் எடுத்திருப்பார்கள். உங்கள் தறி ஷெட்டை நம்பிப் படுத்திருப்பது யார் பெற்ற பிள்ளைகள்?

2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ ஓடியது. ஹோலிக்கு ஊர் போனவர்களோடு பயந்தவர்களும் ரயிலேறினார்கள். அந்த வீடியோக்களில் ஒன்று பீகார்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவை உள்ளூர்த் தகராறு என்று டிஜிபியே விளக்க வேண்டியிருந்தது.

மாமாவைக் குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள், போன் போடுங்கள். அதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். வீடியோவை நிறுத்தி, பலகையோ வண்டி நம்பரோ தெரிகிற இடத்தில் மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தை வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். வெட்டாவிட்டால் அந்த எழுத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கும். ஒன்றும் சிக்கவில்லையா, படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். வந்ததில் எது பழைய தேதியோ அதைப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. எடுத்தவர் யாரென்று மாமாவுக்கே தெரியாது.

"ஏனுங்க மாமா, அது வேற ஊருதுங்க, பழசுங்க. நீங்களே ஒரு வார்த்தை போட்டுடுங்க" என்றால் போதும். எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி இரண்டு நாள் சொச்சம்தான், அது போச்சு. அதனால் அந்த வீடியோவையே தொட்டு 'ரிப்ளை'யில் எழுதச் சொல்லுங்கள். தனியாகப் போட்டால் எதைச் சொல்கிறார் என்று யாருக்கும் புரியாது.

இனி சேனல். கலைஞர் டிவி எந்தப் பக்கம், நியூஸ் ஜெ எந்தப் பக்கம் என்று அப்பாவுக்கும் தெரியும். தெரிந்து பார்க்கட்டும். தம்பியிடம், அந்த யூட்யூப்காரருக்கு யார் காசு என்று கேளுங்கள்.

பேப்பரை உங்களுக்குத் தெரிந்த தொழிலை வைத்து எடை போடுங்கள். கூலி உயர்வு கேட்டுத் தறி நின்றால், 'நாளுக்கு இத்தனை கோடி இழப்பு' என்று வரும். எண்ணியது யார்? 'சங்கத்தினர் கூறினர்' என்று ஒரு பேப்பர் எழுதும். இன்னொன்று தானே எண்ணியதுபோல் எழுதும். முதலாவதை வாங்குங்கள். அதிலும் ஜவுளி உற்பத்தியாளர் பேச்சு இருக்கும், அவரிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து தரும் கூலித்தறிக்காரர் பேச்சு இருக்கும். தறி ஓட்டுகிறவன் பேச்சு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இன்று ராத்திரி ஷிப்ட் மாறும்போது அந்தப் பையன்களிடம், வெளியே யாராவது வழிமறித்தார்களா என்று கேளுங்கள். மறித்திருந்தால் 100க்குப் போன் போட வேண்டியது நீங்கள், மாமா இல்லை.