மேடே இல்லாத ஊரிலிருந்து மலைக்கு: சைக்கிள் கடைக்காரர் பதில்கள்

கேள்வி (பாபநாசம் வாசகர்): நாங்கள் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் சைக்கிள் மிதிக்கிறோம். ஆவணிக் கடைசியில் சைக்கிள்களை வேனில் ஏற்றித் துறையூர் பக்கம் கொண்டுபோய், பச்சைமலையில் காலை முதல் சாயங்காலம் வரை சுற்றத் திட்டம். எங்கள் ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான். பயிற்சிக்கு எங்கே போவது?

பதில்: எங்கேயும் போக வேண்டாம். இப்போது ஆடி. மேற்கே பார்த்து மிதியுங்கள், மலை தானாக வந்து முகத்தில் அறையும். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் 25 கிலோமீட்டர் சொச்சம். விடியற்காலையில் கிளம்பினால் காற்று தூங்கிக்கொண்டிருக்கும், பிரயோஜனம் இல்லை. வெயில் ஏறிக் காற்று எழுந்த பிறகு கிளம்புங்கள். கியரை ஒரு பல் கனமாக வைத்து, சீட்டை விட்டு எழுந்திருக்காமல் அய்யம்பேட்டை வரை மிதித்துப் பாருங்கள். தொடை என்ன சொல்கிறதோ அதைத்தான் மலையிலும் சொல்லும்.

ஆனால் ஒரு விஷயம். தனித்தனியாகப் போங்கள். நம் டெல்டாக்காரர்களுக்கு எதிர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர் பாதி சும்மா வருவார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால் சமதரையில் இந்த உபாயம் பலிக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. நம் எடையையும் சைக்கிள் எடையையும் நாமேதான் மேலே தூக்க வேண்டும். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது.

மேம்பாலத்தையும் கேலி செய்யாதீர்கள். பத்துத் தடவை ஏறி இறங்கினால் மூச்சுக்கு நல்லது, பார்க்கிறவர்களுக்கும் பொழுது போகும். அப்புறம், சோபனபுரத்தில் தொடங்கும் மலைப்பாதையை ஏறி டாப் செங்காட்டுப்பட்டி வந்துவிட்டால் இனி சமதரைதான் என்று நினைக்காதீர்கள். மேலேயும் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். காலையிலேயே தெம்பை எல்லாம் கொட்டிவிட்டவர்கள் மதியத்துக்கு மேல் பலா மரத்தடியில் படுத்திருப்பார்கள்.

கேள்வி (மன்னார்குடி வாசகி): எங்கள் குழுவில் ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. போன முறை மலைக்குப் போனபோது எல்லா இடத்திலும் நான்தான் கடைசி. எனக்காகக் காத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் சாயங்காலம் அழுகையே வந்துவிட்டது. அடுத்த முறை போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: போங்கள் அம்மா. அவர்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்று எழுதவில்லையே தவிர, எனக்குத் தெரியும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. என் ஐம்பத்தைந்தாவது வயதில் முதல்முறை அங்கே போனேன். முப்பது வருஷமாகச் சைக்கிள் கடை நடத்தியவன் என்ற திமிர் முப்பதாவது வளைவு வரை தாங்கியது. அப்புறம் எங்கள் பையன்கள் பத்து வளைவுக்கு ஒரு இடத்தில் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, கடலை மிட்டாய் தின்று, சிரித்துக்கொண்டு இருப்பார்கள். நான் நாக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வேன். "வந்துட்டீங்களா அண்ணே, கிளம்புவோம்" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பதினைந்து நிமிஷம் ஓய்வு, எனக்குப் பதினைந்து விநாடி. நாள் முழுக்க இப்படியே. யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் அது கிடைப்பதே இல்லை. மரியாதையாகத்தான் காத்திருந்தார்கள், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. உங்களுக்கு அழுகை வந்தது என்றால் ஆச்சரியமே இல்லை.

இப்போது எங்கள் குழுவில் இரண்டு வழக்கம். ஒன்று, மலையில் கூட்டம் பிரிந்துதான் போகும், சேர்ந்து போகச் சொல்லி யாரையும் இழுக்கக் கூடாது. வேகமாக ஏறுகிறவரை மெதுவாகப் போகச் சொன்னால் அவருக்குக் கால் வலிக்கும், மெதுவாக ஏறுகிறவரை விரட்டினால் அரை மணியில் உட்கார்ந்துவிடுவார். அதனால் எந்த வளைவில் கூடுவது என்று அடிவாரத்திலேயே பேசிவிடுவோம். கடைசி ஆள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகம் கழுவி, அவரே "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சைக்கிளைத் தொடலாம். பொறுமை இல்லாதவர் இரண்டு வளைவு இறங்கி மறுபடி ஏறட்டும், யார் தடுத்தார்கள்?

இன்னொன்று, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வருவார். அவருக்கு "வால்" என்று பெயர். பம்பு, வால்ட்யூப், ஒட்டுப் போடும் சாமான் எல்லாம் அவரிடம். நன்றாக ஏறத் தெரிந்தவர்தான் வாலாக வரலாம், ஏற்றம் வரும்போது பேசிக்கொண்டே வருகிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஒன்பது பேரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். யாரும் வாலாக வரச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு குழு தேடுங்கள், மலையைக் கைவிடாதீர்கள்.

கேள்வி (நன்னிலம் வாசகர்): டெல்டாவில் மலையே இல்லை என்று போன இதழில் எழுதினீர்கள். சுவாமிமலை?

பதில்: அது கட்டுமலை. தமிழ் வருஷங்களின் கணக்கில் 60 படி. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்கள்.

கேள்வி (திருவையாறு வாசகர்): மலை ஏறுவது பழகிவிட்டது. இறங்கும்போதுதான் கை நடுங்குகிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கலாமா?

பதில்: வேண்டாம். என் கதையைக் கேளுங்கள். அதே கொல்லிமலை, இறங்கும் நேரம். பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். பிரேக் கட்டை உரசி உரசி ரிம் சுட்டுவிட்டது, அந்தச் சூட்டில் டியூப் ஒட்டு விட்டுப்போய்ப் பின்சக்கரம் இறங்கிவிட்டது. நல்லவேளை, வளைவில் இல்லை. யாரைத் திட்டலாம் என்று பார்த்தேன். ஒட்டுப் போட்டது நான், என் கடையில், என் கையால்.

வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போனபிறகு முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். நேர் ரோட்டில் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு வாருங்கள், ரிம் ஆறட்டும். வளைவுக்கு வளைவு நின்று ரிம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், அனல் தெரியும். கை நடுங்குவது பயத்தால் மட்டும் அல்ல, விரல் சோர்ந்துபோய்த்தான். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலையின் சட்டம், இறங்குகிற நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். போகும் முன் பழைய ஒட்டுள்ள டியூபை எல்லாம் கழற்றிவிட்டுப் புதுசு போடுங்கள். இதை ஒட்டுப் போட்டே பிழைத்தவன் சொல்கிறேன்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு ஏறுவது?

பதில்: பூரி, வடை, பொங்கல் மூன்றும் வேண்டாம். எண்ணெயும் நெய்யும் மூன்றாவது வளைவிலேயே எதிர்த்து வரும். இட்லி, இல்லாவிட்டால் பழைய சோறும் மோரும். கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீரத் தொடங்கிவிடும், பசிக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு பூவன் பழமோ ஒரு கடலை மிட்டாயோ உள்ளே போகட்டும். வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளாதீர்கள், வேர்வையில் உப்பும்தான் போகிறது. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்ட ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவாரூர் கல்லூரி மாணவர்): என்னிடம் தாத்தாவின் பழைய சைக்கிள்தான் இருக்கிறது, கியர் கிடையாது. நண்பர்களோடு மலைக்குப் போகலாமா?

பதில்: தம்பி, முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் பல் எத்தனை, பின்னால் பிரீவீலில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் பழைய சைக்கிளில் 44, 18. பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். திருவாரூர்க் கடைத்தெருவுக்கு அது சொகுசு. மலைக்கு வரும் கியர் சைக்கிளில் ஆகக் குறைந்த கியரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான். அவர்கள் இரண்டு இரண்டாக ஏறுகிற படியை நீங்கள் ஐந்து ஐந்தாகத் தாவ வேண்டும். முட்டி போய்விடும்.

அதனால் மிதிக்க முடிகிற இடத்தில் மிதியுங்கள், மற்ற இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். தள்ளுகிறவனும் ஏற்றத்தில் மிதிக்கிறவனை விட அப்படியொன்றும் பின்தங்க மாட்டான், நான் பார்த்திருக்கிறேன். இறங்கும்போதும் செங்குத்தான இடத்தில் தள்ளிக்கொண்டே வாருங்கள், கம்பி பிரேக்கை நம்பி விடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து ஒரு ஓவராயில் செய்து, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை நாலையும் மாற்றிவிடுங்கள். வேனில் ஏற்றும்போது பெடல்களைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் சைக்கிளின் கம்பியில் மாட்டிக்கொள்ளும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கத்துக்கு மாறாக, இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும்.