கேம் டிசைனர் ஆக விருப்பமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ படிக்கிறேன். கேம் டிசைனர் ஆக ஆசை. அப்பா இன்ஜினீயரிங் சேரச் சொல்கிறார். ஒரு தனியார் கல்லூரி கேம் டிசைன் பட்டப்படிப்பு என்று விளம்பரம் செய்கிறது. எதில் சேரலாம்?
– மாணவி, தேனி

கேம் உருவாக்கத்தில் எந்த வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கணினி நிரல் (கோடிங்) எழுதுபவர் புரோகிராமர். பாத்திரங்களையும் பின்னணியையும் வரைபவர் ஆர்ட்டிஸ்ட். எதிரி எத்தனை அடியில் சாக வேண்டும், மூன்றாவது லெவலில் என்ன புதிதாக வர வேண்டும் என்று விதிகளைத் தீர்மானிப்பவர்தான் டிசைனர்.

புரோகிராமிங் பிடிக்கும் என்றால் அப்பா சொல்வது நல்ல யோசனை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்கு கேம் வேலை தாமதமானாலும் வேறு வேலைக்கு வழி உண்டு. டிசைன் பக்கம் போவதானால், ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். (டிசைன் இளங்கலை) படிப்புக்கான யூசீட் நுழைவுத்தேர்வை எழுதலாம். பட்டம் முடித்த பிறகு சேர, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கென்றே எம்.டெஸ். (டிசைன் முதுகலை) படிப்பு இருக்கிறது, அதற்கு அவர்களே நுழைவுத்தேர்வு நடத்துகிறார்கள்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டும் முன், கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த கேம்களைக் கேட்டு வாங்கி நீங்களே விளையாடிப் பாருங்கள். வீடியோவை மட்டும் காட்டினால் சேராதீர்கள்.

என் லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம்தான், தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை. கேம் செய்யும் மென்பொருளான அன்ரியல் இன்ஜின் திணறுகிறது. புது லேப்டாப் வாங்க வேண்டுமா?
– பி.எஸ்சி. மாணவர், விருதுநகர்

வேண்டாம். கோடாட் இன்ஜினைப் போட்டு 2டி கேமில் தொடங்குங்கள். அது முழுக்க இலவசம். நாளை கேமை விற்றாலும் பங்கு தர வேண்டியதில்லை. முதல் கேமில் ஒரே திரை, ஓடித் தாவும் ஒரு பாத்திரம், போய்ச் சேர ஓர் இடம், தோற்றால் மறுபடி தொடங்கும் வசதி, இவ்வளவு போதும். முதல் முயற்சியிலேயே இஷ்டம்போல் சுற்றித் திரியும் திறந்த உலகம், ஆன்லைன் சண்டை என்று இறங்கியவர்களின் கேம்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன.

ஆரம்பத்தில் பலரும் தடுக்கி விழுவது டெல்டாவில். திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களில் (பிரேம்) ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் அது. கோடாட் 4-இல் பாத்திரத்தை நகர்த்தும் ‘மூவ் அண்ட் ஸ்லைடு’ கட்டளை டெல்டாவைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டு வேகம் நொடிக்கு 300 பிக்சல் என்று வைத்து அதை நீங்களும் டெல்டாவால் பெருக்கினால், நொடிக்கு 60 பிரேம் கணக்கில் வேகம் வெறும் 5 ஆகிவிடும். பாத்திரம் நகர்வதே தெரியாது. புவியீர்ப்பு அப்படியல்ல. அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் அதைக் கட்டாயம் டெல்டாவால் பெருக்கித்தான் சேர்க்க வேண்டும். மறந்தால் பாத்திரம் தாவிய மறுகணமே தரையில் வந்து விழும்.

இது சரியானதும் டிசைன் வேலை தொடங்குகிறது. மேடையின் விளிம்பு வரை ஓடி, கடைசி நொடியில் தாவத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். விரல் இம்மி பிந்தினாலும் பாத்திரம் பள்ளத்தில் விழும். ‘அமுக்கினேனே, தாவவில்லையே’ என்று ஆடுபவர் கேமைத்தான் குறை சொல்வார். அதனால் விளிம்பைத் தாண்டிய பின்னும் 0.1 நொடி, அதாவது 6 பிரேம் வரை, தாவும் பட்டனை ஏற்றுக்கொள்ள விடுங்கள். இதற்குத் தொழிலில் ‘கொயோட்டி டைம்’ என்று பெயர். அதை 0, 0.1, 0.3 என்று மாற்றி மூன்று நண்பர்களிடம் கொடுங்கள். 0.3-இல் காற்றில் நடப்பதுபோல் ஆகிவிடும். எந்த எண்ணில் யாருமே அதைக் கவனிக்கவில்லையோ, அதுதான் உங்கள் கேமுக்குச் சரியான எண்.

எம்.ஏ. தமிழ் படித்தேன். கோடிங் வராது. டிசைன் பழக முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. இரண்டு தரப்புக்கும் வெவ்வேறு விதி. ஆட்டை 13 ஆக்கிப் பத்து ஆட்டம் ஆடி, யார் ஜெயித்தார், எந்தக் கட்டத்தில் நிலைமை கைமீறியது என்று எழுதி வையுங்கள். பிறகு 15-க்கே திரும்பி, வேறொரு விதியை மாற்றிப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்பது பிடிபடாது.

மாற்றிய விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி இருவரிடம் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அந்த வரியைத் திருத்துங்கள். கதை சார்ந்த கேமில் ஈடுபாடு இருந்தால் ட்வைன் என்ற இலவச மென்பொருளில், ஆடுபவரின் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதைகளைத் தமிழிலேயே எழுதலாம்.

60 பக்க டிசைன் டாக்குமென்ட் எழுதிப் பல ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. ஏன்?
– வாசகர், கோவை

முன்பின் தெரியாதவரின் 60 பக்கத்தைப் படிக்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது. சொடுக்கியதும் பிரவுசரில் ஓடும் சின்ன கேம்கள் இரண்டோ மூன்றோ போதும். கேம்களை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் இலவசமாக ஏற்றலாம். ஜிப் கோப்புக்குள் இருக்கும் முதன்மை எச்.டி.எம்.எல். கோப்புக்கு ‘இண்டெக்ஸ்’ (index.html) என்றே பெயர் வையுங்கள். வேறு பெயர் இருந்தால் கேம் திறக்காது, பார்ப்பவரும் போய்விடுவார். ஒவ்வொரு கேமோடும் ஒரு பக்கக் குறிப்பு சேருங்கள்: என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், குழுவாகச் செய்திருந்தால் அதில் உங்கள் பங்கு எது என்று. குழு அனுபவத்துக்கு, குறுகிய நேரத்தில் குழுவாகக் கேம் செய்து முடிக்கும் நிகழ்வான, 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் சேரலாம், ஜனவரியில் வரும்.

கேமில் பிழை தேடும் டெஸ்டர் வேலை வந்தாலும் தட்டிக்கழிக்காதீர்கள். அதற்கு விண்ணப்பிக்கும்போது மாதிரி பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை) ஒன்றை இணையுங்கள். போன் மாடல், கேமின் வெர்ஷன், பிழையை மறுபடி வரவழைக்கும் படிகள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், பத்து முறையில் எத்தனை முறை நடந்தது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும்.