அம்மாவின் வைத்தியச் செலவு யார் தலையில்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் எல்லாம் புரிகிறது. திருச்சியில் என்னோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு 4.6 லட்சம் ஆனது, நகையை அடகு வைத்துக் கட்டினேன். இப்போது ஆள் சம்பளம், டயப்பர், மருந்து என்று மாதம் 30,000 ரூபாய் போகிறது. கும்பகோணம் வீட்டை 2018-ல் அண்ணனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், பைசா தருவதில்லை. நான் கேஸ் போட முடியுமா?

பதில்: கேஸ் போட வேண்டியவர் அம்மா. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 பெற்றவர்களுக்குத்தான் உரிமை தருகிறது. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் தனி உரிமை இல்லை. சொல்லப்போனால் மகளுக்கும் அதில் பொறுப்பு உண்டு. "அவளும் பிள்ளைதானே" என்று அண்ணன் தரப்பில் கேட்பார்கள். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.

மனுவை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கும்பகோணத்துக்கு அலைய வேண்டாம். கையெழுத்து வராவிட்டால் கைநாட்டு போதும். அவர் அதிகாரம் கொடுத்தால் அவருக்காக நீங்களும் மனு கொடுக்கலாம். ஆனால் விஷயம் புரிந்துதான் ரேகை வைத்தார் என்று டாக்டரிடம் அன்றைக்கே ஒரு சான்று வாங்கிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். வக்கீல் வைத்தாக வேண்டியதில்லை (எங்கள் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் உண்மை). நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதனால் இடைக்காலத் தொகையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதில் ஒரு இடி இருக்கிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இது எந்த மூலைக்கு? உச்சவரம்பு இல்லாத வழியும் உண்டு: குடும்ப நல நீதிமன்றத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125. ஆனால் பராமரிப்புத் தொகையை இரண்டு இடத்திலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது 2018 பத்திரத்தைப் பொறுத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஆயுள் உள்ளவரை அம்மாவைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்து, அண்ணன் அதைச் செய்யாமல் இருந்தால், 2007 சட்டத்தின் 23-வது பிரிவின் கீழ் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இல்லாமல் 23 நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பத்திரத்தை ரத்து செய்தது. ஆகவே அந்தச் சமயத்தில் அண்ணன் எழுதிக் கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் தேடுங்கள்.

நிபந்தனை இருந்தால் ஆர்.டி.ஓ.விடம் போங்கள். தொகை சின்னதுதான், ஆனால் வீடு அம்மாவுக்குத் திரும்பும். வாடகைக்கு விட்டோ விற்றோ அவர் செலவைப் பார்க்கலாம். நிபந்தனை இல்லை என்றால் குடும்ப நல நீதிமன்றத்தில் 144 போடுங்கள், இரண்டு மகன்களையும் சேர்த்து. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வீடு திரும்பி வந்த கையோடு உங்கள் பெயருக்கு மாற்றி எழுதி வாங்காதீர்கள். இத்தனையும் அதற்காகத்தான் என்று ஆகிவிடும்.

நீங்கள் கட்டிய 4.6 லட்சம் இந்த இரண்டு இடத்திலும் கிடைக்காது. மனு போட்ட தேதிக்கு முந்தைய செலவுக்கு உத்தரவு வராது. தனியாக சிவில் வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், கைக்காசுதான் கரையும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இதே கணக்கில்தான் சேரும்.

அப்புறம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் பெறும் சிகிச்சைக்குத்தான், வீட்டில் வைக்கும் ஆளுக்கு உதவாது. ஆனால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.