மைத்துனர் ஏன் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்?

வணக்கம் ஐயா,

என் மைத்துனர் டெக்ஸாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறார். 2006-ல் எச்1பி என்ற வேலை விசாவில் போனவர். 2018-ல் கிரீன் கார்டு, 2023-ல் குடியுரிமை. பொங்கலுக்கு வந்திருந்தபோது, தன் முதல் ஓட்டை 2024-ல் டிரம்புக்குப் போட்டதாகச் சொன்னார். கமலா ஹாரிஸின் அம்மா நம்மூர்ப் பெண். அவரை விட்டுவிட்டு, குடியேறிகளைத் துரத்துவேன் என்கிறவருக்கா என்று கேட்டேன். “நான் வரிசையில நின்னு வந்தவன் மச்சான்” என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதானே?

எஸ்.கே., ஈரோடு

அன்புள்ள எஸ்.கே.,

பேச்சு அங்கே நின்றிருக்கக் கூடாது. அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

குடியேறியவன் குடியேற்றத்தை ஆதரிப்பான் என்பது நாம் போடும் கணக்கு. அமெரிக்கக் கட்சிகளும் அதையே நம்பின. அதற்குக் காரணமும் இருந்தது. 1994-ல் கலிபோர்னியாவில், ஆவணம் இல்லாதவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் கிடையாது என்று ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது, ஆனால் அந்தக் கோபத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அதை ஆதரித்த குடியரசுக் கட்சியை, அதாவது இன்றைய டிரம்பின் கட்சியை, விட்டு விலகினார்கள். 2012 அதிபர் தேர்தலில் அதன் வேட்பாளர் மிட் ராம்னி தோற்றதும் அந்தக் கட்சியே ஓர் ஆய்வறிக்கை எழுதி, குடியேற்றச் சீர்திருத்தத்தை ஏற்காவிட்டால் நமக்கு எதிர்காலம் இல்லை என்றது. இரண்டே வருடத்தில் சுவர் கட்டுவேன் என்று டிரம்ப் வந்தார், அறிக்கைக்கு நேரெதிராகப் பேசியே ஜெயித்தார்.

டெக்ஸாஸின் தெற்கு ஓரத்தில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஸ்டார் கவுன்ட்டி இருக்கிறது, நம்மூர் மாவட்டம் மாதிரி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஹிஸ்பானிக், அதாவது அந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அக்கரை மெக்சிகோ. 2016-ல் அங்கே ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனுக்கு ஏறத்தாழ 79 சதவீதம், டிரம்புக்கு 19. எட்டே வருடத்தில், 2024-ல், டிரம்புக்கு 57 சதவீதத்துக்கும் மேல். 1892-க்குப் பிறகு ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளர் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை. எல்லாம் குடியேற்றத்தால் என்று சொல்லமாட்டேன். முட்டை விலையும் வீட்டு வாடகையும் பெரிய காரணம். ஆனால் எல்லைக் காவல் படையில் ஏறத்தாழ பாதிப் பேர் ஹிஸ்பானிக் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஊரில் மாமா எல்லையைத் தாண்டி வந்தவராக இருப்பார், மருமகன் எல்லையைக் காக்கிறவனாக இருப்பான்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். உங்கள் மைத்துனர் இருக்கும் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அங்கே விசா புல்லட்டின் என்பது நம்மூரில் பரீட்சை முடிவு மாதிரி. மாதம் ஒருமுறை வரும், எந்தத் தேதி வரை விண்ணப்பித்தவர்களுக்கு கிரீன் கார்டு என்று சொல்லும். நண்பரின் மனைவி அடுப்படியில் நின்று போனில் பார்த்தார். தேதி முன்னால் நகரவில்லை, பின்னால் போயிருந்தது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் போய் அணைக்கவில்லை. வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே. இப்படிப் பன்னிரண்டு வருடம் நின்ற மனிதர், 2023-ல் தொலைக்காட்சியைப் போட்டால் என்ன பார்க்கிறார்?

நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் ஹோட்டல் வாசலில், நடைபாதையில், அட்டை விரித்துத் தூங்கும் புதிய குடியேறிகள். ஒளிந்து ஓடுகிறவர்கள் என்பது பழைய படம். இவர்கள் ஆற்றைத் தாண்டியதும் சீருடைக்காரர்களைத் தேடிப் போய் நின்றார்கள். அமெரிக்க மண்ணில் கால் வைத்தவர் தஞ்சம் கேட்கலாம் என்பது 1980-ம் வருடச் சட்டம். அப்போது வழக்கு முடியும்வரை பெரும்பாலும் உள்ளேயே இருக்க முடிந்தது. 2023 முடிவில் குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தன. அந்த டிசம்பரில் மட்டும் தெற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். வேலை அனுமதிக்கு மனுப் போடவே 150 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவரை நியூயார்க் நகராட்சிதான் படுக்க இடம் தர வேண்டியிருந்தது. டெக்ஸாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2022-லிருந்தே அவர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். குரூரம்தான். ஆனால் எல்லையில் நடந்ததை நியூயார்க்காரரின் தெருமுனைக்குக் கொண்டுபோய் இறக்கியதும் அதுதான்.

ரேஷன் கடை வரிசையில் பின்பக்கக் கதவு வழியாக ஒருவர் சர்க்கரை வாங்கிப் போனால் நமக்கு யார் மேல் கோபம் வரும்? அவர் மேல் கொஞ்சம். கதவைத் திறந்து வைத்த கடைக்காரர் மேல் நிறைய. அதிபர் தேர்தலில் குடியேற்றம் வேலை செய்வது இப்படித்தான். வாக்காளர் எத்தனை பேர் வரலாம் என்று கணக்குப் பார்ப்பதில்லை, கடையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறார். 2024 பிப்ரவரியில் இரு கட்சியினரும் சேர்ந்து கடுமையான எல்லை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிரம்ப் வேண்டாம் என்றதும் அவர் கட்சியினர் கைவிட்டார்கள். ஆனாலும் பழி பைடன் மேல்தான் விழுந்தது, அவருக்குப் பதிலாக நின்ற ஹாரிஸ் மேலும். குடியேற்றமே முதல் பிரச்சினை என்று சொன்னவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் டிரம்புக்குப் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் சொல்கின்றன.

உங்கள் மைத்துனரின் கோபம் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லும் வரிசையில் ஒரு ஓட்டை இருக்கிறது. தக்காளி பறிக்கவும் கூரை வேயவும் வருகிற குவாட்டமாலாக்காரருக்கு நிற்பதற்கு வரிசை எங்கே? தொழில்நுட்பப் பயிற்சி இல்லாதவர்களுக்கான கிரீன் கார்டு, உலகம் முழுவதற்கும் சேர்த்து, சட்டப்படியே வருடத்துக்கு 10,000-ஐத் தாண்டாது. இத்தனைக்கும் அறுவடைக் காலத்தில் அவர் கை வேண்டும். உங்கள் மைத்துனருக்கு வாய்த்த வரிசையும் 1965-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் இந்தியாவின் ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர்.

அப்புறம், இந்தக் கோபம் நிலையானதும் இல்லை. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் கேலப் நிறுவனத்தின் 2024 கருத்துக்கணிப்பில் 55 சதவீதம், 2025-ல் 30. எல்லையில் கூட்டம் குறைந்தது, முகமூடி போட்ட அதிகாரிகள் வேலையிடங்களில் ஆட்களைப் பிடிப்பதை மக்கள் பார்த்தார்கள். அதே 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்1பி-யில் ஆள் எடுக்க 1,00,000 டாலர் கட்டணம் என்ற உத்தரவு வந்தது. பின்பக்கக் கதவை மூடச் சொல்லித்தானே உங்கள் மைத்துனர் ஓட்டுப் போட்டார்? இது முன்வாசல்.

அடுத்த முறை வரும்போது ஏணியைப் பற்றிப் பேசாதீர்கள், சண்டைதான் வரும். வரிசையில் நின்ற அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவருக்கு ஓட்டு இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பார் என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்